டிஸ்டர்பியா: சுட்டதா, மரியாதையா?

டிஸ்டர்பியா (2007) படத்தை முதல் தடவை பார்த்தப்போ என் குறிப்பேட்டில் ஒரே வரிதான் எழுதினேன்: "ரியர் விண்டோவின் அப்பட்டமான காப்பி." போன மாதம் இரண்டு படங்களையும் திரும்பப் பார்த்து, மூலக்கதையையும் தேடிப் படித்தேன். அந்த வரியை அடிக்க வேண்டியதாகிவிட்டது. ஏன் என்பதுதான் இந்தப் பதிவு. (இரண்டு படத்தோட முடிவும் கீழே வருது. பார்க்காதவங்க பார்த்துட்டு வாங்க.)

முதலில் ஒற்றுமைகள். ஹிட்ச்காக்கின் ரியர் விண்டோவில் (1954) ஜேம்ஸ் ஸ்டூவர்ட் ஒரு புகைப்படக்காரர். கால் முறிந்து, மாவுக்கட்டோடு சக்கர நாற்காலியில் கிடக்கிறார். பொழுது போகாமல் எதிர்வீட்டு ஜன்னல்களைப் பார்க்கிறார். அங்கே ஒருத்தன் தன் மனைவியைக் கொன்றுவிட்டானோ என்று சந்தேகம் வருகிறது. டிஸ்டர்பியாவில் ஷையா லபஃப் ஒரு பள்ளி மாணவன். ஆசிரியரை அடித்ததால் வீட்டுக்காவல். எல்லையைத் தாண்டினால் காலில் மாட்டிய கருவி போலீஸைக் கூப்பிட்டுவிடும். இவனுக்கும் பொழுது போகவில்லை, இவனும் அக்கம்பக்கத்தைப் பார்க்கிறான், இவனுக்கும் ஒருவர் மேல் சந்தேகம். நகர முடியாத ஆள், ஜன்னல், பைனாகுலர், நம்பாத போலீஸ் என்று எலும்புக்கூடு ஒன்றேதான்.

ஆனால் ரியர் விண்டோவே ஹிட்ச்காக்கின் சொந்தச் சரக்கு இல்லை! கார்னெல் உல்ரிச் 1942இல் எழுதிய 'இட் ஹேட் டு பி மர்டர்' என்ற சிறுகதைதான் அது. 1945இல் இதையும் சேர்த்து ஆறு கதைகளின் பட உரிமையை அவர் 9,250 டாலருக்கு விற்றார். 1953இல் ஹிட்ச்காக்கும் ஸ்டூவர்ட்டும் சேர்ந்து ஆரம்பித்த நிறுவனம் இந்தக் கதையின் உரிமையை 10,000 டாலருக்கு வாங்கியது. பட டைட்டிலிலும் உல்ரிச் பெயர் உண்டு.

கதையைப் படித்தால் இன்னொரு ஆச்சரியம். கிரேஸ் கெல்லி நடித்த காதலி பாத்திரம் அதில் இல்லவே இல்லை. கதாநாயகனுக்கு உதவுவது சாம் என்ற வேலைக்காரர். கால் கட்டு விஷயமே கடைசியில்தான் நமக்குத் தெரியவரும்.

டிஸ்டர்பியா வந்தபின், சிறுகதையின் உரிமையாளர்கள் 2008இல் ஸ்பீல்பெர்க் உள்ளிட்டோர் மேல் நியூயார்க்கில் வழக்குப் போட்டார்கள். 2010இல் அது தள்ளுபடியானது. 'பக்கத்து வீட்டை நோட்டம் விடுகிறவன் கொலையைச் சந்தேகிக்கிறான், கடைசியில் அவன் சந்தேகம் சரியாகிறது' என்பது வெறும் கருத்து, கருத்துக்குக் காப்புரிமை கிடையாது, அதை எழுதிய விதத்துக்குத்தான் உண்டு என்பது நீதிமன்றத்தின் வாதம். என் தொழிலில் இது பழகிய விஷயம். ஒரு அல்காரிதத்தைப் புரிந்துகொண்டு நானே புதுசா கோட் எழுதினால் அது திருட்டு இல்லை. அடுத்தவர் கோடை அப்படியே எடுத்து ஒட்டினால்தான் பிரச்சினை.

சரி, சுட்டது இல்லைன்னா மரியாதையா? இங்கேதான் நான் தயங்குகிறேன். ரியர் விண்டோவின் உயிர் கொலை இல்லை. 'அடுத்தவர் வீட்டை எட்டிப் பார்ப்பது சரியா?' என்ற கேள்விதான் அதன் உயிர். படம் கிட்டத்தட்ட முழுக்க அந்த ஒரே அறைக்குள் இருப்பதால் ஸ்டூவர்ட்டோடு நாமும் எட்டிப் பார்க்கிறோம். கொலையாளி திரும்பி நம்மைப் பார்க்கும்போது வயிற்றைக் கலக்குகிறது. அவர் கண்டுபிடித்தது சரிதான், ஆனாலும் படம் முடியும்போது இரண்டு காலிலும் கட்டு.

டிஸ்டர்பியாவில் பையன் பக்கத்து வீட்டுப் பெண்ணையும் ரகசியமாகக் கவனிக்கிறான். அதை அவளிடமே சொல்லும்போது கிடைப்பது முத்தம். கடைசியில் 'நன்னடத்தை'க்காகக் காவலும் சீக்கிரமே முடிகிறது. எட்டிப் பார்ப்பதற்கு அங்கே தண்டனை, இங்கே பரிசு. பழைய படத்தின் சூழ்நிலையை எடுத்துக்கொண்டு கேள்வியை விட்டுவிட்டார்கள். அந்தக் கேள்விக்கு ஏதாவது பதில் சொல்லியிருந்தால், எதிர்த்தாவது பேசியிருந்தால், மரியாதை என்று ஒத்துக்கொள்வேன்.

இன்னொன்று, டிஸ்டர்பியாவின் டைட்டிலில் உல்ரிச்சும் இல்லை, ஹிட்ச்காக்கும் இல்லை. சட்டப்படி தேவையில்லைதான். ஆனால் எம்ஐடி லைசென்ஸில் வரும் கோடை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். அது கேட்பதெல்லாம் எழுதியவர் பெயரோடு இருக்கும் அந்த அறிவிப்பை அழிக்காதே என்பதுதான். 10,000 டாலர் கொடுத்து வாங்கிய ஹிட்ச்காக்கே பெயர் போட்டார். இங்கேயும் 'நன்றி' என்று ஒரு வரி போட்டிருந்தால் குறைந்தா போயிருக்கும்?

குறிப்பேட்டில் இப்போது இப்படித் திருத்தியிருக்கிறேன்: "காப்பி இல்லை, மரியாதையும் இல்லை. சொல்லாமல் வாங்கிய கடன். ஆனால் விறுவிறுப்பான படம்." உங்களுக்கு நேரமிருந்தால் முதலில் கதை, பிறகு 1954, அதற்கப்புறம் 2007 என்ற வரிசையில் போங்க. எது எங்கே இருந்து வந்ததுன்னு தானா தெரியும்.