மாலை 6 மணி, எந்த ஊரில்?

அசாம் ஜாவாவில் இருக்கும் என் மாமா மகள் ஐந்தாம் படிவ மாணவி. தமிழகத்தில் உள்ள ஓர் அமைப்பு இணையம்வழி நடத்திய பேச்சுப் போட்டிக்காக இரண்டு வாரம் மனப்பாடம் செய்தாள். புலனத்தில் வந்த அறிவிப்பில் ‘சனிக்கிழமை மாலை 6 மணி’ என்று மட்டும் இருந்தது. 6 மணிக்குக் கணினி முன் உட்கார்ந்தாள். யாரும் இல்லை. 7 மணி வரை காத்திருந்துவிட்டு, போட்டி ரத்தாகிவிட்டது என்று எழுந்துவிட்டாள். அங்கே 6 மணி ஆனபோது இங்கே இரவு 8.30. அவள் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்களாம்.

இந்தியாவுக்கும் நமக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம் என்பது தெரிந்ததுதான். ஆனால் அந்தக் கணக்கைப் போட வேண்டியது பதினேழு வயதுப் பிள்ளையா, மென்பொருளா? பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் படிக்கும் எனக்கு, மென்பொருள்தான் என்பதில் சந்தேகமே இல்லை.

வழி எளிது. சென்னை மாலை 6 மணி என்பது யு.டி.சி. எனப்படும் அனைத்துலகப் பொது நேரத்தில் பகல் 12.30. அதைச் சேமித்து வைத்தால், பார்ப்பவரின் கைப்பேசி எந்த நேர மண்டலத்தில் இருக்கிறதோ அதற்கேற்ப மாற்றிக் காட்டலாம். கோலாலம்பூரில் இரவு 8.30. லண்டனில் குளிர்காலத்தில் பகல் 12.30, கோடையில் 1.30.

மலேசியா என்றால் 8 மணி நேரம் கூட்டு என்று எழுதிவிட்டால் போதாதா? போதாது. 1981 டிசம்பர் 31 இரவு 11.30 ஆனதும் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் நேராக 12 மணிக்குத் தள்ளப்பட்டன. சபா, சரவாக்குடன் ஒரே நேரம் வேண்டும் என்பது காரணம். சிங்கப்பூரும் கூடவே மாறியது. அதுவரை நமக்கு ஏழரை மணி நேரம்தான் கூடுதல். ஜப்பானியர் காலத்திலோ தோக்கியோ நேரம், ஒன்பது மணி. அந்த 1982-இல் பெரட்டுக்கு நிற்கும்போது முன்பைவிட இருட்டாக இருந்ததாக என் பாட்டி சொல்வார். ஜாதகம் கணிக்கும் செயலி இதை அறியாவிட்டால், 1970-இல் இங்கே பிறந்தவருக்கு அரை மணி நேரம் தவறிப்போகும், லக்னமே மாறலாம். (நம்பிக்கை உள்ளவர்கள் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.)

இந்த மாற்றங்களை எல்லாம் ஐ.ஏ.என்.ஏ. நேர மண்டலத் தரவுத்தளம் தொகுத்து வைத்திருக்கிறது. அதில் மண்டலங்களுக்கு ஊர்ப் பெயர்தான். நமக்கு ‘ஏசியா/கோலாலம்பூர்’, இந்தியா முழுமைக்கும் ‘ஏசியா/கொல்கத்தா’. சென்னைக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

எதிர்கால நிகழ்ச்சி என்றால் யு.டி.சி. மட்டும் போதாது, உள்ளூர் நேரத்தையும் மண்டலப் பெயரையும் சேர்த்தே சேமிக்க வேண்டும். இலங்கை 1996-இல் ஒரே ஆண்டில் இரண்டு முறை நேரத்தை மாற்றியது, 2006-இல் மறுபடியும். அரசு நேரத்தை மாற்றினாலும் மாலை 6 மணிக்கு அறிவித்த கூட்டம் மாலை 6 மணிக்குத்தானே நடக்கும்?

நேரில் போக வேண்டிய நிகழ்ச்சி வேறு. பத்துமலையில் காலை 6 மணிக்கு நடப்பதைச் சென்னையில் இருப்பவருக்கு ‘அதிகாலை 3.30’ என்று மட்டும் காட்டினால், விமானம் ஏறி வருபவர் குழம்புவார். அங்கே ஊர் நேரம் முதலில், பார்ப்பவர் நேரம் அடுத்து.

தேதியையும் விட்டுவிடக் கூடாது. டொரோன்டோவில் சனிக்கிழமை இரவு 8 மணிக்குத் தொடங்கும் கவியரங்கம், கோடையில் நமக்கு ஞாயிறு காலை 8 மணி, குளிர்காலத்தில் 9.