பாதுகாப்பான வேலையிடம்: பதில் சொல்ல வேண்டியவர் யார்?

தலைமைத்துவம் என்றதும் மேடையும் மாலையும்தான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். ஒரு தலைமை பொறுப்பானதா என்பதை அறிய எளிய கேள்வி ஒன்று இருக்கிறது. காலையில் வேலைக்குச் சென்ற கடைநிலை ஊழியர் மாலையில் நலமாக வீடு திரும்புகிறாரா? திரும்பாவிட்டால் அதற்குப் பதில் சொல்பவர் யார்? சிங்கப்பூர் 2004ஆம் ஆண்டில் இந்தக் கேள்வியை நேருக்கு நேர் சந்தித்தது. அதன்பின் என்ன மாறியது, எது இன்னும் மாற வேண்டும் என்பதைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

ஆறு வாரத்திற்குள் 13 உயிர்கள்

2004 ஏப்ரல் 20, பிற்பகல் சுமார் மூன்றரை மணி. எம்ஆர்டி வட்டப் பாதைக்காக நிக்கல் நெடுஞ்சாலை அருகே ஏறத்தாழ 30 மீட்டர் ஆழத்திற்குப் பள்ளம் தோண்டப்பட்டிருந்தது. பள்ளத்தின் இருபக்கச் சுவர்களைத் தாங்கி நின்ற எஃகுச் சட்டங்கள் நெளிந்து சரிந்தன. பக்கத்திலிருந்த நெடுஞ்சாலையின் ஒரு பகுதியும் சேர்ந்து இறங்கியது. நால்வர் மாண்டனர். தம் குழுவினரை முதலில் வெளியேற்றிவிட்டுத் தாம் சிக்கிக்கொண்ட ஃபோர்மனும் அவர்களில் ஒருவர். மண் மேலும் சரியும் அபாயத்தால் தேடும் பணி நிறுத்தப்பட்டது. அவருடைய உடல் கடைசி வரை கிடைக்கவில்லை.

ஒன்பது நாள் கழித்து, ஏப்ரல் 29ல், ஃபியூஷனோபோலிஸ் கட்டுமானத் தளத்தில் எஃகுக் கம்பிக் கூடு சரிந்து இருவர் இறந்தனர். மே 29ல், கப்பல் பட்டறையில் நின்ற ‘அல்முடைனா’ என்ற கப்பலில் தீப்பிடித்து ஏழு பேர் மாண்டனர். மூன்று விபத்துகளில் 13 உயிர்கள்.

விசாரணை சொன்ன உண்மை

நிக்கல் நெடுஞ்சாலைப் பணி அரசாங்க அமைப்பான நிலப் போக்குவரத்து ஆணையத்தின் திட்டம். அரசாங்கமே சம்பந்தப்பட்ட ஒரு விபத்தில் உண்மை முழுமையாக வெளிவருமா என்ற ஐயம் மக்களுக்கு எழுவது இயல்பு. அதனால் மூத்த மாவட்ட நீதிபதி ரிச்சர்ட் மேக்னஸ் தலைமையில் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. சாட்சிகள் பகிரங்கமாக விசாரிக்கப்பட்டனர். இறுதி அறிக்கை 2005 மே மாதம் வெளிவந்தது.

இது தடுத்திருக்கக்கூடிய விபத்து என்றது அந்த அறிக்கை. எஃகுச் சட்டங்கள் சுவரோடு சேரும் இணைப்புகள் போதிய பலத்துடன் வடிவமைக்கப்படவில்லை. மென்மையான களிமண் சுவர் மீது செலுத்தும் அழுத்தம் குறைவாகக் கணக்கிடப்பட்டிருந்தது. இவற்றைவிட நம்மைச் சிந்திக்க வைப்பது வேறொன்று. சுவர் அனுமதித்த அளவைத் தாண்டி நகர்வதை அளவுக் கருவிகள் முன்கூட்டியே காட்டின. அந்த எச்சரிக்கை தீவிரமாக எடுத்துக்கொள்ளப்படவில்லை. கணக்கைத் திருத்தி எல்லையை உயர்த்திக்கொண்டு வேலை தொடர்ந்தது.

தவற்றைக் கண்டித்துச் சொல்லும் துணை இல்லாத மன்னன், பகைவர் இல்லாமலே அழிவான் என்பது வள்ளுவர் தந்த எச்சரிக்கை. அதிகாரத்தில் இருப்பவருக்கு அவர் சொன்னது இன்றைய திட்ட மேலாளருக்கும் பொருந்தும்.

சட்டம் எப்படி மாறியது?

அதுவரை நடப்பில் இருந்தது தொழிற்சாலைச் சட்டம். இன்னின்ன இயந்திரத்திற்கு இன்னின்ன வேலி போட வேண்டும் என்பதுபோல விதிகளை வகுத்து, அவை பின்பற்றப்படுகின்றனவா என்று அதிகாரிகள் சோதிப்பார்கள். விதியில் எழுதியதை மட்டும் செய்துவிட்டால் போதும் என்ற எண்ணம் முதலாளிகளுக்கு வர அது இடமளித்தது.

2006 மார்ச் 1ஆம் தேதி நடப்புக்கு வந்த வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வேறு கோணத்தில் அமைந்தது. ஆபத்தை உருவாக்குகிறவரே அதைக் குறைக்கப் பொறுப்பு. விபத்து நடக்கும் வரை காத்திருக்காமல், வேலை தொடங்கும் முன்பே ஆபத்துகளைக் கணித்துத் தடுக்க வேண்டும். தவறும் நிறுவனத்திற்கு முதல் குற்றத்திற்கே 500,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். தனிநபருக்கு 200,000 வெள்ளி வரை அபராதமும் ஈராண்டு வரை சிறையும் உண்டு. நிறுவனம் குற்றம் செய்தால், தாம் அதற்கு உடன்படவில்லை, தடுக்க வேண்டிய முயற்சியைச் செய்தோம் என்பதை அதன் இயக்குநர்களும் மெய்ப்பிக்க வேண்டும். தொடக்கத்தில் தொழிற்சாலை, கட்டுமானத் தளம் போன்ற இடங்களுக்கு மட்டும் பொருந்திய இச்சட்டம், 2011 செப்டம்பர் முதல் எல்லா வேலையிடங்களுக்கும் விரிவாக்கப்பட்டது.

பலன் கண்கூடு. 2004ல் 100,000 ஊழியருக்கு 4.9 ஆக இருந்த வேலையிட மரண விகிதம் 2018ல் 1.2 ஆகக் குறைந்தது.

இன்னும் முடியாத வேலை

ஆயினும் மனநிறைவு கொள்ள நேரம் வரவில்லை. 2022ல் 46 பேர் வேலையிடத்தில் மாண்டனர். அவ்வாண்டு செப்டம்பர் முதல் மறு ஆண்டு மே வரை கூடுதல் பாதுகாப்புக் காலம் அறிவிக்கப்பட்டது. நிறுவனத் தலைவர்கள், இயக்குநர் சபைகளின் கடமைகளை வரையறுக்கும் நடைமுறைக் கோவையும் 2022 அக்டோபரில் வந்தது. 2023ல் மரணங்கள் 36 ஆகக் குறைந்து, விகிதம் ஒன்றுக்குக் கீழே, 0.99க்கு, இறங்கியது. 2024ல் மீண்டும் 43 பேர். நெருக்கும்போது குறைவதும் பிடி தளரும்போது கூடுவதும் எதைக் காட்டுகிறது? பாதுகாப்பு நம் பழக்கமாக இன்னும் வேரூன்றவில்லை.

நியாயம் பற்றிய கேள்வியும் இங்கு எழுகிறது. கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் உழைப்பவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டு ஊழியர்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கடன் வாங்கி வந்தவர்கள் அவர்களில் பலர். அந்தக் கடன் அடையும் வரை, சாரம் ஆடுகிறது என்று சொல்லக்கூட அவர்களுக்குத் தயக்கம். வேலை போய்விடுமோ என்ற அச்சம். பாதுகாப்புக் குறையை அதிகாரிகளிடம் தெரிவித்ததற்காக ஊழியரை நீக்கவோ மிரட்டவோ கூடாது என்று சட்டம் சொல்கிறது. அந்தப் பாதுகாப்பு இருப்பதே அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

லாரிப் பயணத்தையும் எண்ணிப் பாருங்கள். காரில் நம் குழந்தை இருக்கை வார் அணியாவிட்டால் அது குற்றம். ஊழியர்களோ இன்றும் நிபந்தனைகளுடன் லாரியின் பின்புறத்தில் வார் இல்லாமல் அமர்ந்து செல்கிறார்கள். செலவு கூடும், சிறு நிறுவனங்கள் தாங்கா என்ற வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் செலவுக் கணக்கில் ஓர் உயிருக்கு ஒரு விலையும் இன்னோர் உயிருக்கு இன்னொரு விலையும் இருக்கலாமா? பொதுத்தலைமை தொடர்ந்து பதில் தேட வேண்டிய கேள்வி இது.

நம் பங்கு

தலைமை அமைச்சரிடமும் நீதிபதியிடமும் மட்டும் இல்லை. குத்தகையாளராக இருக்கும் அன்பர்களே, “நாளைக்குள் முடி” என்று சொல்லும் முன் அது பத்திரமாக முடியுமா என்று கேளுங்கள். மேற்பார்வையாளர்களே, குறை சொல்லும் தம்பியை அதட்டாதீர்கள். அவர் உங்கள் அளவுக் கருவி. வீடு புதுப்பிக்க ஆள் வைப்பவர்களும் மலிவான விலையை மட்டும் பார்க்க வேண்டாம். கோயிலிலோ கடையிலோ ஊழியர் ஒருவரைச் சந்தித்தால், அவருக்குள்ள உரிமையைத் தமிழில் எடுத்துச் சொல்லுங்கள். மனிதவள அமைச்சிடம் முறையிடலாம் என்ற ஒரு தகவல் ஒரு குடும்பத்தையே காப்பாற்றக்கூடும்.

2004ல் கருவி காட்டிய எண்ணை யாராவது ஒருவர் மதித்து வேலையை நிறுத்தியிருந்தால் நால்வர் அன்று வீடு திரும்பியிருப்பார்கள். “நிறுத்து” என்று சொல்லும் துணிவும், அப்படிச் சொன்னவரைக் காக்கும் தலைமையும் ஒவ்வொரு வேலையிடத்திலும் இருக்கட்டும்.