புதுப்பூச்சு உரிவது ஏன்?

பெருநாளுக்கு முன் வீட்டிற்கு வண்ணம் பூசுவது நம் குடும்பங்களின் வழக்கம். சில வாரங்களிலேயே சுவர் கொப்பளித்து ஏடு ஏடாக உரிந்தால் பழி பெயிண்டின் மீது விழுகிறது. பெரும்பாலும் குற்றம் அடியிலுள்ள சுவரில்தான் இருக்கிறது.

ஒரகடத்தில் 2010-ல் ரெனால்ட், நிஸான் நிறுவனங்கள் கூட்டாகத் திறந்தது போன்ற கார் ஆலைகளைப் பாருங்கள். தகட்டின் எண்ணெய்ப்பசையைக் கழுவி, முதற்பூச்சைப் படியவைத்து, சூடேற்றி உலர்த்திய பின்னரே வண்ணம் ஏறுகிறது. அதே வட்டாரத்தில் எழும் புது வீடுகளிலோ, குடியேறும் அவசரத்தில் சிமெண்ட் பூச்சு காயுமுன்னரே வண்ணம் பூசப்படுகிறது! உள்ளிருக்கும் ஈரம் உப்பையும் இழுத்துக்கொண்டு வெளியேறுகையில் பெயிண்டைத் தள்ளிவிடுகிறது. புதுச்சுவருக்குக் குறைந்தது 28 நாட்கள் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அதுவும் போதாது. ஒளுச் செய்யும் இடத்தையொட்டிய சுவரில் கசிவை அடைக்காமல் எத்தனை முறை பூசினாலும் வீணே.

பழைய சுண்ணாம்புச் சுவரை உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள். மாவு ஒட்டினால், பெயிண்ட் பற்றுவது அந்த மாவையேயன்றிச் சுவரையன்று. சுரண்டிக் கழுவி, உலர்ந்தபின் பிரைமர் பூசவேண்டும். அதை வீண்செலவென்று விட்டுவிடுவோரே மிகுதி.

சுரண்டும்போது எச்சரிக்கை தேவை. வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கிற்கு மிகக்கூடாதென்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சின் தூசு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும். எனவே நனைத்தே சுரண்டுங்கள்; ஈரத்துணியால் துடைத்து முடிக்கும்வரை சிறுவரையும் கர்ப்பிணிகளையும் அவ்வறைக்குள் அனுமதியாதீர்கள்.