புதைகுழியின் வாளும் நடுகல்லின் வாளும்

கி.பி. 5ஆம் நூற்றாண்டை அடுத்து வந்த சில நூற்றாண்டுகளில் ஒரு போர்வீரன் எந்தப் படைக்கலத்தை ஏந்திப் போரிட்டான் என்ற கேள்விக்கு வடமேற்கு ஐரோப்பாவில் விடை தருவது புதைகுழி. பழைய சேலம் மாவட்டத்தில் விடை தருவது நடுகல். பிராங்குகள், சாக்சன்கள், ஆங்கிலர் முதலான ஜெர்மானிய இனக்குழுக்கள் இறந்த வீரனை அவனுடைய ஆயுதங்களோடு மண்ணில் இட்டதால் அங்கே இரும்பு எஞ்சியது. அதே நூற்றாண்டுகளில் சேலத்துக்கு வடக்கே விரியும் மேட்டுநிலத்தில், பூசலில் இறந்துபட்டவனின் உருவத்தைப் பலகைக் கல்லில் செதுக்கி, அவன் பெயரையும் மாண்ட காரணத்தையும் வட்டெழுத்தில் பொறித்து நட்டதால் இங்கே தோற்றம் எஞ்சியது. முன்னது உலோகத்தைத் தருகிறது, ஆனால் அதை எந்தக் கை எப்படிப் பிடித்தது என்பதைச் சொல்வதில்லை; பின்னது பிடியையும் நிலையையும் காட்டுகிறது, ஆனால் உலோகத்தைக் கையில் தருவதில்லை. ஒன்றில் விடுபட்டதை மற்றொன்றைக் கொண்டு கேள்வியாக்க முடியும் என்பதால் இவ்விரு சான்றுகளையும் சேர்த்துப் படிப்பது பயனுள்ளது.

ஜெர்மானியப் புதைகுழிகளில் புகழ்பெற்றது இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் 1939இல் அகழப்பட்ட சட்டன் ஹூ. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த இந்தக் கப்பல் புதைவில், நூற்றுக்கணக்கான துண்டுகளாக நொறுங்கிக் கிடந்த முகமூடித் தலைக்கவசமும், துருவேறி ஒரே கட்டியாகிவிட்ட வளையக் கவசமும், பெரிய கேடயமும், ஈட்டிகளும், பொன்னும் செம்மணியும் பதித்த பிடியுடைய வாளும் கிடைத்தன. வளையக் கவசம் என்பது ஆயிரக்கணக்கான சிறு இரும்பு வளையங்களை ஒன்றோடொன்று கோத்து அமைத்த சட்டை. உறையோடு ஒட்டிப்போன அந்த வாளை ஊடுகதிர்ப் படத்தில் பார்த்தபோது, பல இரும்புக் கம்பிகளை முறுக்கி அடித்து ஒட்டவைத்து அலகு செய்யும் முறை தெரியவந்தது. அக்காலத்தில் நல்ல எஃகு பெருங்கட்டியாகக் கிடைப்பது அரிதாக இருந்ததால், கிடைத்த சிறு துண்டுகளிலிருந்து உறுதியான நீண்ட அலகைப் பெற ஐரோப்பியக் கொல்லர் கண்ட வழி அது.

எனினும் சட்டன் ஹூ அரசனுக்குரிய புதைவு. அதை வைத்து ஜெர்மானிய வீரர் அனைவரும் தலைக்கவசம் அணிந்து நின்றதாக எண்ணுவது தவறு. சாதாரண வீரனின் குழியில் கிடைப்பவை பெரும்பாலும் ஓர் ஈட்டிமுனையும் கேடயத்தின் நடுவிலிருந்த இரும்புக் குமிழும்தான். சிலவற்றில் சாக்ஸ் எனப்படும் ஒருபக்கக் கூருள்ள குறுவாள் சேர்ந்திருக்கும். இருபக்கக் கூருள்ள நீள்வாள் வசதி படைத்தவனின் உடைமை. இதன் பொருளாதாரத்தை ரைன் ஆற்றங்கரைப் பிராங்குகளின் 7ஆம் நூற்றாண்டுச் சட்டத் தொகுப்பான லெக்ஸ் ரிபுவாரியா தெளிவாகக் காட்டுகிறது. அதில் கேடயமும் ஈட்டியும் சேர்ந்து 2 பொற்காசு, தலைக்கவசம் 6, உறையுடன் வாள் 7, வளையக் கவசம் 12 என்று விலை மதிக்கப்பட்டுள்ளது. கொம்பும் கண்பார்வையும் நலமும் உள்ள எருது ஒன்றின் மதிப்பு 2 பொற்காசு. ஈட்டி ஏந்திய வீரன் ஓர் எருதின் விலையில் போருக்கு ஆயத்தமானான் என்றால், கவசமணிந்தவன் ஆறு எருதுகளைத் தன் மார்பின் மேல் சுமந்து நின்றான்.

மாட்டைக் கொண்டு போர்க்கருவியை மதிப்பிட்ட அந்தச் சட்டம் எழுந்த காலத்தில், இங்கே மாட்டுக்காகவே போர் நடந்தது. தருமபுரி 1965இலும் நாமக்கல் 1997இலும் தனி மாவட்டங்களாகப் பிரியும் முன், காவிரிக் கரையிலிருந்து மைசூர் எல்லை வரை பரந்திருந்தது சேலம் மாவட்டம். மழை குறைந்து மேய்ச்சல் நிலம் மிகுந்த அதன் வடபகுதியில் ஆநிரையே முதன்மைச் செல்வம். நடுகல் கல்வெட்டுகளில் தொறு என்று சுட்டப்படும் இந்த ஆநிரையைக் கவர வந்தவர்களை எதிர்த்தும், கவர்ந்து சென்றவர்களைத் தொடர்ந்து சென்று மீட்டும் இறந்தவர்களுக்கே இக்கற்களில் மிகப்பல எடுக்கப்பட்டன. பல்லவர், கங்கர், பாணர், நுளம்பர் ஆகியோரின் ஆட்சியாண்டுகள் அவற்றில் குறிக்கப்படுகின்றன. இறந்தவன் பெரும்பாலும் ஒரு தலைவனிடம் பணிசெய்த சேவகன், அதாவது அவனுடைய படைவீரன். தலைவனிடம் ஊட்டமும் ஆயுதமும் பெற்று அவனுக்காக உயிர்விடும் கடப்பாடு ஜெர்மானியச் சமூகத்திலும் இதேபோல் வேரூன்றியிருந்தது.

இக்கற்களில் படைக்கலம் காட்டப்படும் விதம் கூர்ந்து பார்க்கத்தக்கது. தருமபுரிப் பகுதியிலும் அதையொட்டிய செங்கத்திலும் கிடைத்த முற்காலக் கற்கள் பலவற்றில் வீரன் இடக்கையில் வில்லும் வலக்கையில் குறுவாளும் கொண்டு, முன்னோக்கிப் பாயும் நிலையில் நிற்கிறான். சிலவற்றில் வில்லின் இடத்தைக் கேடயம் பெறுகிறது. தலைமுடி கொண்டையாக முடியப்பட்டிருக்கிறது. இடையில் கச்சு இறுகக் கட்டப்பட்டிருக்கிறது. மார்பிலும் தொடையிலும் அம்புகள் தைத்திருப்பதைச் செதுக்கியவன் பல கற்களில் காட்டுகிறான். வில்லும் குறுவாளும் ஒரே வேளையில் இரு கைகளிலும் இருப்பது போர்க்களத்தில் நடக்கக்கூடியதா என்ற ஐயம் எழலாம். தொலைவில் நின்று எய்வதும் நெருங்கிய பின் வெட்டுவதும் ஆகிய பூசலின் இரு கட்டங்களையும் ஒரே உருவில் சிற்பி அடக்கிவிட்டான் என்று கொள்வதே பொருத்தம். மந்தையை ஓட்டிச் செல்லும் பகைவரை விரட்டிப் பிடிக்க வேண்டியவனுக்கு முதலில் வேண்டியது வில். கைகலப்பில் வேண்டியது குறுகிய, கனமான அலகு. வரிசையாகக் கேடயங்களை இணைத்து மதில்போல் நின்று ஈட்டியால் குத்திய ஜெர்மானியப் போர்முறை, முட்புதரும் பாறையும் நிறைந்த இந்த நிலத்துக் கால்நடைப் பூசலுக்குப் பயன்பட்டிருக்காது.

கவசம் இல்லாமையும் கருதத்தக்கது. சிற்பி எளிமைக்காக அதை விட்டுவிட்டான் என்று வாதிடலாம். ஆனால் காதணியையும் இடைக்கச்சின் மடிப்பையும் பொறுமையாகச் செதுக்கியவன், உடலை மூடிய கவசம் இருந்திருந்தால் அதைக் காட்டாமல் விட்டிருப்பான் என்பது ஏற்கத்தக்கதாக இல்லை. வெப்பமும் விரைந்தோட வேண்டிய தேவையும் ஒருபுறம். சிற்றூர்ச் சேவகனுக்குக் கட்டுப்படியாகாத விலை மறுபுறம். திறந்த மார்பில் அம்பு தைக்க நிற்கும் அந்த உருவம் வீரத்தைப் போற்றும் மரபு மட்டுமில்லை, உண்மையான போர்க்கோலமும் அதுவே என்று கருத இடமிருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தில் செங்கம் பகுதி எடுத்தனூரில் நடப்பட்ட கல், சட்டன் ஹூ கப்பல் புதைக்கப்பட்டதற்கு ஏறத்தாழ ஒரே தலைமுறையைச் சேர்ந்தது. தொறுவைக் காத்து இறந்த கருந்தேவக்கத்தியோடு, கள்வர் இருவரைக் கடித்து நின்ற கோவிவன் என்ற நாயும் அதில் இடம்பெறுகிறது. ஆங்கில அரசனுக்குக் கப்பலும் பொன்னும் கிடைத்த காலத்தில், இங்கே ஒரு நாய்க்கும் பெயரோடு கல்லில் இடம் கிடைத்தது.

ஆனால் இவ்வீரர்கள் ஏந்திய இரும்பு எங்கே? அதைத் தேட வேண்டிய இடம் சேலத்துக்குத் தென்மேற்கே நிற்கும் கஞ்சமலை. அம்மலையின் காந்த இரும்புத்தாதும், மழைநீர் அரித்து ஓடைகளில் படியவிடும் கருமணலும் இப்பகுதி உலைகளுக்கு மூலப்பொருளாயின. 19ஆம் நூற்றாண்டில் சேலம் பகுதியில் இருந்தவரும், பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவியவருமான ஜோசையா மார்ஷல் ஹீத் உள்ளூர்ச் செய்முறையை எழுதிவைத்திருக்கிறார். மூன்று முதல் ஐந்து அடி உயரமுள்ள மண் உலையில், ஆட்டுத்தோல் துருத்தியால் காற்றூதி, மரக்கரியோடு தாதை உருக்கித் தேனிரும்பு எடுக்கப்பட்டது. பின்னர் அந்த இரும்புத் துண்டுகளை ஆவாரைச் சுள்ளியோடு சிறிய மண் மூசையில், அதாவது உருக்குக் குகையில் இட்டு, எருக்கிலையால் மூடிக் களிமண் பூசி அடைத்து, 20 முதல் 24 மூசைகளை வளைவாக அடுக்கிச் சுமார் இரண்டரை மணி நேரம் ஊதினர். செடியிலிருந்த கரிமம் இரும்பில் ஏறி அது எஃகாக மாறியது. மேலை நாடுகள் ஊட்ஸ் என்று அழைத்தது இந்த எஃகைத்தான்.

இந்தத் திறன் திடீரென எழுந்ததில்லை. மேட்டூர் வட்டாரத்துத் தெலுங்கனூரில் பெருங்கற்காலப் புதைவு ஒன்றில் கிடைத்த இருபக்கக் கூர்வாளின் உலோக ஆய்வு 2020இல் வெளியானது. கரிமம் மிகுந்த எஃகு அதில் பயன்பட்டிருப்பதை அது உறுதிசெய்தது. கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகளும் நொய்யல் கரையில் இரும்பு, எஃகுத் தொழில் நடந்ததைக் காட்டின. ஆக, ஜெர்மானியரைப் போலவே வாளோடு புதைக்கும் வழக்கம் இங்கும் முன்பு இருந்தது; அது மறைந்து கல் நடும் வழக்கம் மேலோங்கிய பிறகு, வாள் குழிக்குள் போகாமல் மகன் கைக்கோ கொல்லன் உலைக்கோ போய்ச் சேர்ந்தது. அதனால்தான் இரும்புக்காலத்து வாள் இன்று கிடைக்கிறது, அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பிற்பட்ட பல்லவர் காலத்துச் சேவகனின் குறுவாள் மிக அரிதாகிவிட்டது.

சேலத்து எஃகே வடகடலோர வாள்களானது என்று பெருமிதத்தோடு எழுதுவோர் உண்டு. உல்ஃப்பெர்ட் என்ற பெயர் பொறித்த 9ஆம், 10ஆம் நூற்றாண்டு வாள்கள் சிலவற்றில் கரிமம் மிகுந்த எஃகு இருப்பது உண்மை; அது ஆசியாவிலிருந்து வோல்கா ஆற்று வணிகத்தில் சென்றிருக்கலாம் என்பது சில ஆய்வாளர்களின் கருத்து. அங்கிருந்து கஞ்சமலை வரை கோடு இழுக்கச் சான்று இல்லை. மாறாக, 5ஆம், 6ஆம் நூற்றாண்டுப் பிராங்கு நகைகளிலும் வாட்பிடிகளிலும் பதித்த செம்மணிகளில் பல இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் சென்றவை என்பதை வேதியியல் ஆய்வு காட்டியிருக்கிறது. உறுதியாகச் சொல்லத்தக்க தொடர்பு அதுவே. இல்லாததைச் சேர்த்து அதைக் குறைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இப்பகுதியின் போர்கள் எல்லாம் ஆநிரைப் பூசல்களாக இருக்கவில்லை. 8ஆம் நூற்றாண்டில் தகடூர் (இன்றைய தருமபுரி) அதியர் மரபினர் நாமக்கல் பாறையில் திருமாலுக்குக் குடைவரைகள் எடுத்தனர். அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் பாண்டியன் நெடுஞ்சடையன் அதியனை வென்ற செய்தியை அவனுடைய செப்பேடு கூறுகிறது. அத்தகைய பெரும்படைகளில் யானையும் குதிரையும் இருந்தன. பிற்காலத்தில், குறிப்பாக ஒய்சள ஆட்சி பரவிய கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பகுதிகளில், நடுகற்கள் பல அடுக்குகளாக வளர்ந்தபோது குதிரைமேல் அமர்ந்து நீண்ட வாளோ ஈட்டியோ ஏந்தும் வீரன் தோன்றுகிறான். மலையடிவார ஊர்களில் புலியோடு பொருது மாண்டவர்களுக்கு எடுத்த புலிகுத்திக் கற்களிலோ பழைய ஈட்டியும் குறுவாளுமே நெடுங்காலம் நீடிக்கின்றன.

1972இல் இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட செங்கம் நடுகற்கள் நூல், கல்வெட்டு வாசகங்களைப் படிப்பதற்கு உறுதியான அடித்தளம் இட்டது. படைக்கலங்களுக்கு அத்தகைய உழைப்பு இன்னும் மிகுதியாகத் தேவை. தருமபுரி அகழ்வைப்பகத்திலும் சேலம் அரசு அருங்காட்சியகத்திலும் ஊர் எல்லைகளிலும் நிற்கும் கற்களில் அலகின் நீளத்தை வீரனின் முன்கையோடு ஒப்பிட்டு அளந்து, வில்லின் வளைவு, கேடயத்தின் வடிவம், உறை தொங்கும் பக்கம் ஆகியவற்றை ஆட்சியாண்டு வரிசையில் அட்டவணைப்படுத்தினால், குறுவாள் எந்தத் தலைமுறையில் நீண்டது, கேடயம் எந்த அரசனின் எல்லையில் முதலில் பரவியது என்பதைக் கல்லைக் கொண்டே கணிக்க முடியும். வயலோரக் கற்களின் முகப்பு வெயிலிலும் மழையிலும் தேய்ந்துவருவதால், அந்த அளவெடுப்பு அக்கற்களிலிருந்தே தொடங்க வேண்டும்.