மென்பொருளா, வன்பொருளா? கணனிக்காரர்களின் பகிடிகள்

மின்குமிழ் ஒன்றை மாற்ற எத்தனை புரோகிராமர்கள் தேவை? ஒருவரும் தேவையில்லை. அது வன்பொருள் பிரச்சினை!

கணனித் துறையினர் மத்தியில் பல தசாப்தங்களாக உலவிவரும் பகிடி இது. கணனி படிக்கும் மகனோ மகளோ இதைச் சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரிக்க, உம்மாமார் ஒன்றும் விளங்காமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். விளங்காமற் போக இதில் பெரிய வித்தை எதுவுமில்லை. வட்டிலப்பம் அவிக்கிறோம். அடுப்பும் சட்டியும் வன்பொருள். எத்தனை முட்டை, எவ்வளவு கருப்பட்டி, எத்தனை நிமிடம் என்ற செய்முறை மென்பொருள். வட்டிலப்பம் இறுகாமல் தண்ணீராக நின்றால் செய்முறை சொன்னவர் சட்டியைக் குறை சொல்வார். சட்டி விற்றவர் செய்முறையைக் குறை சொல்வார். கணனியை அமைக்கும்போதும் எந்த வேலையை இயந்திரத்திடம் விடுவது, எதை அதில் ஓடும் மென்பொருளிடம் விடுவது என்று பிரித்துக்கொள்கிறார்கள். அந்தக் கோட்டின் இருபுறமும் நின்று ஒருவரையொருவர் சீண்டுவதுதான் இந்தப் பகிடிகளில் பலவற்றின் சாரம்.

முட்டை என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. ஜொனதன் சுவிஃப்ட் எழுதி 1726 இல் வெளிவந்த ‘கலிவரின் பயணங்கள்’ கதையில், முட்டையைப் பெரிய முனையில் உடைப்பதா, சிறிய முனையில் உடைப்பதா என்று இரண்டு குட்டி நாடுகள் யுத்தம் செய்கின்றன. கணனி வல்லுனர்களுக்கிடையிலும் ஒரு காலத்தில் கிட்டத்தட்ட அப்படியொரு சண்டை. பெரிய எண்ணொன்றைக் கணனி தன் நினைவகத்தில் துண்டு துண்டாகவே வைக்கிறது. பெறுமானம் கூடிய துண்டை முதலில் வைப்பதா, குறைந்ததை வைப்பதா? ஒரு கம்பனி ஒருவிதமாகவும் மற்றக் கம்பனி வேறுவிதமாகவும் இயந்திரம் செய்தன. டனி கோஹன் என்ற விஞ்ஞானி 1980 ஏப்ரல் முதலாம் திகதியிட்டு ஒரு கட்டுரை எழுதி, இரு சாராருக்கும் அந்தக் கதையில் வரும் ‘பெருமுனைக்காரர்’, ‘சிறுமுனைக்காரர்’ என்ற பெயர்களையே சூட்டிவிட்டார். எந்த முறை என்பதைவிட எல்லோரும் ஒரே முறையில் உடன்படுவதே முக்கியம் என்பது அவர் வாதம். திகதியைப் பார்த்தால் முட்டாள்கள் தினப் பகிடி! ஆனால் பெயர்கள் நிலைத்துவிட்டன. இன்றும் பாடநூல்களில் அவைதாம்.

மத்ரஸாவில் அறபு படித்த சகோதரிகளுக்கு இது புதிதல்ல. 25 ஐத் தமிழில் இருபத்தைந்து என்கிறோம், பெரியது முதலில். அறபியிலோ ‘கம்ஸதுன் வ இஷ்ரூன்’, அதாவது ஐந்தும் இருபதும் என்று சிறியதை முதலில் சொல்கிறார்கள். இரண்டும் சரியே. ஒருவர் ஒரு முறையில் சொல்ல மற்றவர் மறு முறையில் எழுதிக்கொண்டால்தான் 25 போய் 52 வந்து நிற்கும்.

எந்தக் கோளாறு வந்தாலும் முதலில் திட்டு வாங்குபவர் மென்பொருள் எழுதியவர்தான். அவர்கள் மனங்குளிரச் சிரித்தது 1994 இன் இறுதியில். அமெரிக்காவின் லிஞ்ச்பர்க் கல்லூரியில் கணிதப் பேராசிரியராயிருந்த தோமஸ் நைஸ்லி தன் கணக்குகள் பிசகுவதைக் கண்டு, தன் புரோகிராமையும் ஏனையவற்றையும் மாதக்கணக்கில் சோதித்தார். கடைசியில் அகப்பட்டது இன்டெல் கம்பனியின் பென்டியம் சில்லு! வகுத்தலுக்காக அதனுள் பதித்திருந்த வாய்ப்பாட்டில் 5 இடங்கள் விடுபட்டிருந்தன. சில எண்களை வகுத்தால் விடை பிழைக்கும். 486 என்ற சில்லுக்குப் பின் வந்ததற்கு 586 என்று ஏன் பெயரிடவில்லை? 486 உடன் 100 ஐக் கூட்டிப் பார்த்தார்களாம், 585.999983605 வந்ததாம்! அந்தக் கம்பனிக்கு இது பகிடியாக இருக்கவில்லை. சில்லுகளை மாற்றிக் கொடுப்பதற்காக 47.5 கோடி டொலர் ஒதுக்க நேர்ந்தது.

பகிடி பேசும்போதும் நபி (ஸல்) அவர்கள் உண்மையன்றி வேறு பேசியதில்லை என்று ஹதீஸ்களில் படித்திருக்கிறோம். அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், மின்குமிழ்ப் பகிடியில் உண்மை அதிகமாகவே இருக்கிறது. ‘அது அடுத்த பக்கத்தார் பார்த்துக்கொள்வார்கள்’ என்ற எண்ணம் உயிர்களையே குடித்திருக்கிறது.

கனடாவின் அரச அணுசக்தி நிறுவனம் தயாரித்த ‘தெராக்-25’ என்பது புற்றுநோயாளருக்குக் கதிர்ச் சிகிச்சை அளிக்கும் இயந்திரம். இதற்கு முந்திய தெராக்-20 இல், அளவுக்கு மிஞ்சிக் கதிர் பாயாமல் தடுக்கும் வன்பொருள் பூட்டுகள் இருந்தன. நம் வீடுகளிலுள்ள ட்ரிப் சுவிட்ச் போன்ற ஏற்பாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிய இயந்திரத்தில் அவற்றை நீக்கிவிட்டு, அந்தக் காவலை மென்பொருளிடமே ஒப்படைத்தார்கள். 1985 ஜூனில் அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற ஒரு பெண், சிகிச்சை நடந்த அந்த நிமிடமே தன்னை எரித்துவிட்டதாகச் சொன்னார். அப்படி நடக்க வாய்ப்பே இல்லை என்று அவருக்குப் பதில் கிடைத்தது. நோயாளி தன் உடம்பில் உணர்ந்து சொன்னதைவிட இயந்திரத்தின் மீதிருந்த நம்பிக்கையே பெரிதாகிவிட்டது. 1987 ஜனவரிக்குள் இப்படி 6 பேர் அளவுகடந்த கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். அவர்களில் குறைந்தது 3 பேர் அதனாலேயே இறந்தார்கள்.

கோளாற்றில் ஒன்று 1986 இல் டெக்சாஸில் பிடிபட்டது. இயந்திரத்தை இயக்கிய பெண்மணி வேலையில் தேர்ந்தவர், விசைப்பலகையில் கை வேகம். ஓர் எழுத்தைத் தவறாகத் தட்டி, உடனே திருத்தினார். இயந்திரம் தன்னை ஒழுங்கு செய்ய எடுக்கும் 8 விநாடிகளுக்குள் திருத்தம் முடிந்துவிட்டதால் மென்பொருள் அதைக் கவனிக்கவில்லை. திரையில் எல்லாம் சரியாகத் தெரிய, உள்ளே இயந்திரம் வேறு நிலையில் நின்றது. பிழை காட்டிய செய்தியோ வெறும் ‘கோளாறு 54’. அவரும் வைத்தியசாலையின் பௌதிகவியலாளரும் சேர்ந்து திரும்பத் திரும்பச் செய்துபார்த்தே காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். பின்னர் 1987 இல் செய்த திருத்தங்களில், நீக்கப்பட்ட வன்பொருள் காவலுக்கும் மீண்டும் இடம் கிடைத்தது.

செய்தி பரவியதும் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் பழைய தெராக்-20 ஐச் சோதித்தார்கள். அதிலும் அதே மென்பொருட் பிழை இருந்தது. ஒவ்வொரு தவணையும் புதிய மாணவர்கள் வந்து பழகத் தொடங்கும்போது அந்த இயந்திரத்தின் பியூஸ் அடிக்கடி போவது அங்கே எல்லோருக்கும் தெரிந்த தொல்லை. காரணம் அப்போதுதான் விளங்கியது. அங்கே நோயாளி எவருக்கும் காயமில்லை. எரிந்தது பியூஸ் மட்டுமே.