கண்டிக்கு எந்த டெலி லென்ஸ்?

கண்டியில் படமெடுக்க டெலி லென்ஸ் வாங்குபவர் தூரத்துக்கு முன்னதாக வெளிச்சத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். தலதா மாளிகைக்குப் பின்னால் எழும் உடவத்தகெலே காட்டுக்குள் உச்சி வெயிலிலும் மங்கல்தான். எசல பெரஹர செல்வதோ இரவில், கொப்பரை எரியும் தீப்பந்தங்களின் ஒளியில். பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பழந்தின்னி வௌவால்கள் வெளுத்த வானத்துக்கு எதிரே தலைகீழாகத் தொங்குகின்றன. இவை அனைத்துக்கும் ஒரே லென்ஸ் போதாது.

2008இல் பானசோனிக் ஜி1 உடன் சந்தைக்கு வந்த மிரர்லெஸ் கெமராவில் ஆடி கிடையாது. சென்சரில் விழும் காட்சியே வியூஃபைண்டரில் தெரிகிறது. இதன் அருமை பேராதனையில் விளங்கும். பிரகாசமான வானத்தை அளந்து கெமரா வெளிச்சத்தைக் குறைத்துவிடுவதால் வௌவால்கள் கரிக்கட்டிகளாகப் பதிகின்றன. எக்ஸ்போஷரை +1, +1.7 என்று கூட்டக் கூட்ட, கழுத்தின் செம்பழுப்பு ரோமம் துலங்குவதைப் பொத்தானை அழுத்துமுன்பே பார்க்கலாம். பின்னால் வானம் வெளிறிப்போனாலும் பாதகமில்லை.

கெமரா பொடி வாங்கும்போது சென்சரின் அளவைப் பார்க்க வேண்டும். ஃபுல் ஃபிரேம் சென்சர் 36×24 மி.மீ. அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சரில் 400 மி.மீ. லென்ஸ் சுமார் 600 மி.மீ. லென்ஸின் பார்வைக் கோணத்தைத் தருகிறது. கெனனில் அது 640. காட்சியின் நடுப்பகுதி மட்டும் பதிவதே இதற்குக் காரணம். குறைந்த செலவில் பறவைகளை நெருங்க இதுவே நல்ல வழி. கெனன் ஆர்7 (2022), சோனி ஏ6700 (2023) இரண்டும் பறவையின் கண்ணைத் தாமே கண்டறிந்து ஃபோகஸ் செய்பவை. இலைகளும் கொடிகளும் குறுக்கிடும் உடவத்தகெலேயில் இந்த வசதி பெரிதும் உதவும்.

மீதிப் பணம் முழுவதும் லென்ஸுக்குப் போவதே நியாயம். எஃப்/11 துளை வழியே வரும் ஒளி எஃப்/5.6இல் வருவதன் நாலில் ஒரு பங்குதான். மரநிழலில் எஃப்/5.6, 1/500 வினாடி, ஐஎஸ்ஓ 3200 போதுமாக இருக்கும் இடத்தில், எஃப்/11 லென்ஸுக்கு ஐஎஸ்ஓ 12800 வேண்டும். படத்தில் புள்ளிகள் மண்டும். லென்ஸில் உள்ள ஸ்டெபிலைசர் கை நடுக்கத்தைத் தாங்குமே ஒழிய, பறவை தலையைத் திருப்பும் வேகத்தை நிறுத்தாது. ஆகவே 930 கிராம் எடையுள்ள கெனன் 600 மி.மீ. எஃப்/11 காட்டுக்கு ஏற்றதல்ல. கண்டி வாவிக்கரையில், காலை வெயிலில் சிறகு உலர்த்தும் நீர்க்காகங்களுக்கும் கபரகொய்யாக்களுக்கும் அது தாராளமாகப் போதும். சோனி 200-600, நிக்கோன் 180-600 ஆகியவை நீண்ட முனையிலும் எஃப்/6.3 தருகின்றன, ஆனால் இரண்டு கிலோ அளவிலான எடையைக் காட்டுப் பாதையில் சுமக்க வேண்டும்.

பெரஹரவுக்கு இந்த நீளம் எதுவும் தேவையில்லை. பார்வையாளர் வீதியோரத்திலேயே அமர்ந்திருப்பதால் 70-200 மி.மீ. எஃப்/2.8 லென்ஸே பொருத்தம். ஃபுல் ஃபிரேம் பொடி இருந்தால் இன்னும் நல்லது. ஏபிஎஸ்-சியில் 70 மி.மீ. கூட 105 ஆகிவிடுவதால் முகபடாம் தெரியும், முழு யானை அடங்காது. ஓசையற்ற எலக்ட்ரானிக் ஷட்டரை அன்றிரவு நிறுத்திவைப்பது நல்லது. யானைகளின் அலங்கார மின்விளக்குகளும் வீதி விளக்குகளும் கண்ணுக்குத் தெரியாமல் மினுங்குவதால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடுகள் விழக்கூடும். மெக்கானிக்கல் ஷட்டரில் அந்தத் தொல்லை குறைவு.

கண்டியின் ஈரக்காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சணம் எளிதில் பிடிக்கும். சிலிக்கா ஜெல் பைகளோடு காற்றுப்புகாத பெட்டியில் வைத்தால் தடுக்கலாம். ஈரப்பதம் 40-50 சதவீதம் இருந்தால் போதும். பாவித்த லென்ஸ் வாங்குபவர் இரு பக்க மூடிகளையும் கழற்றி, பின்பக்கத்திலிருந்து கைபேசி டோர்ச் வெளிச்சத்தைப் பாய்ச்சி, முன்பக்கத்தில் சாய்வாகப் பார்க்க வேண்டும். சிலந்தி நூல் போன்ற மெல்லிய கிளைகள் தென்பட்டால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்கக் கூடாது.