எலிக்காய்ச்சலும் வயலில் இறங்கும் கால்களும்

வடகீழ் பருவப்பெயர்ச்சி மழையுடன் வடக்கிலும் கிழக்கிலும் பெரும்போகம் ஆரம்பமாகின்றது. உழவு, விதைப்பு, களையெடுப்பு, பசளையிடல், தை பிறந்ததும் அறுவடை என ஏறத்தாழ நான்கு மாதங்கள் எமது விவசாயிகளின் கால்கள் சேற்றிலும் நீரிலுமே இருக்கின்றன. இக்காலத்தில் இடி மின்னலும் பாம்புக்கடியும் வெளியில் வேலை செய்வோரை அச்சுறுத்துகின்றன என்பதை எவரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. நாம் இங்கு விளக்க விரும்புவது கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆபத்தை. அதுவே எலிக்காய்ச்சல்.

2024 டிசெம்பரில், வெள்ளம் வடிந்துகொண்டிருந்த நாட்களில், யாழ்ப்பாண மாவட்டத்தில் காய்ச்சல் கண்ட சிலர் அடுத்தடுத்து உயிரிழந்தனர். 'மர்மக் காய்ச்சல்' என மக்கள் பீதியடைந்தனர். ஆய்வுகூடப் பரிசோதனையின் பின்னரே அது எலிக்காய்ச்சல் என உறுதியானது. உண்மையில் அதில் மர்மம் எதுவும் இருக்கவில்லை. 2008ஆம் ஆண்டில் இந்நோய் நாடெங்கும் பரவியபோது 7,000 இற்கும் அதிகமானோர் பாதிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. தென்னிலங்கை விவசாயிகளும் இரத்தினபுரியின் மாணிக்கக்கல் அகழ்வோரும் இதனை நன்கு அறிவர். எம்மவருக்குத்தான் இது புதிதாகத் தோன்றியது.

எலி கடிப்பதால் வரும் நோய் எனப் பலர் இன்னும் எண்ணுகின்றனர். இந்தப் பெயரே அதற்குக் காரணமாகும். லெப்டோஸ்பைரா எனும் சுருள் வடிவ பக்ரீரியா, எலியின் சிறுநீருடன் வெளியேறி வயல் நீரிலும் ஈரமண்ணிலும் வாரக்கணக்கில் உயிர்வாழக்கூடியது. மாடு, எருமை, நாய் ஆகியவற்றின் சிறுநீரிலும் அது இருக்கலாம். காலிலுள்ள சிறு கீறல், நீரில் ஊறி மென்மையடைந்த தோல், கண், வாய், மூக்கு ஆகியவற்றின் வழியாக அது உடலினுள் நுழைகின்றது. வெள்ளம் வந்தால் எலி வளைகள் யாவும் கழுவப்பட்டு அந்நீர் வயலெங்கும் பரவிவிடும். ஆதலால் வெள்ளத்தை அடுத்துவரும் வாரங்களே மிகவும் ஆபத்தானவை.

பாதணியும் கையுறையும் அணியுங்கள் என்ற ஆலோசனை வழமையாக வழங்கப்படுகின்றது. முழங்கால் வரை புதையும் சேற்றில் சப்பாத்துடன் நடந்து பார்த்தவர்கள் அந்த ஆலோசனையை எழுதியிருப்பார்களா என்பது சந்தேகமே. காயங்களை நீர்புகாதவாறு மூடிக் கட்டுவதும், வேலை முடிந்தவுடன் சுத்தமான நீரில் சவர்க்காரமிட்டுக் கழுவுவதும், வாய்க்கால் நீரில் வாய் கொப்பளிக்காதிருப்பதும் நடைமுறைக்கு இசைந்தவை.

இவற்றிலும் பயனுள்ளது டொக்சிசைக்கிளின் எனும் தடுப்பு மருந்தாகும். வயலில் இறங்குவதற்கு ஒரு வாரம் முன்னதாகத் தொடங்கி, வேலை நடைபெறும் காலம் முழுவதும் வாரத்திற்கு ஒரு தடவை 200 மில்லிகிராம் உட்கொள்ள வேண்டும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் ஊடாக இது இலவசமாகவே வழங்கப்படுகின்றது. வெறும் வயிற்றில் எடுக்காது, உணவின் பின்னர் நிறைய நீருடன் விழுங்க வேண்டும். விழுங்கியவுடன் படுக்கலாகாது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் சிறுவர்களும் வைத்தியரின் ஆலோசனையின்றி இதனைப் பயன்படுத்தக் கூடாது. மருந்து எடுத்தவருக்கு நோயே வராது என்றும் கொள்ளலாகாது.

நோய்க்கிருமி புகுந்து பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு வாரங்களின் பின்னரே திடீர்க் காய்ச்சல் ஆரம்பிக்கும். கடும் தலைவலி, கெண்டைக்கால் தசைகளில் தாங்கமுடியாத நோவு, கண் சிவத்தல் ஆகியவை உடன்வரும். நாள் முழுதும் சேற்றில் நின்றவர் கால்வலியை வேலைக் களைப்பென்றே நினைப்பார். இரண்டு பனடோலை விழுங்கிவிட்டு மறுநாளும் வயலுக்குச் செல்வார். இத்தாமதமே உயிரைப் பறிக்கின்றது. சிறுநீர் குறைவதும், கண் மஞ்சளாவதும், மூச்சுத்திணறலும் சிறுநீரகம், ஈரல், நுரையீரல் ஆகியன பாதிக்கப்படுவதன் அறிகுறிகள்.

இதே மழைக்காலத்தில்தான் டெங்குவும் பரவுகின்றது. இரத்தத்தில் குருதிச் சிறுதட்டுக்கள் குறைவது இரு நோய்களிலும் நிகழக்கூடியது. எனவே 'டெங்கு இல்லை' என்ற பெறுபேற்றுடன் நிம்மதியடைந்து வீடு திரும்புவது தவறாகும். 'நான் வயலில் வேலை செய்தவன்' என்பதை நோயாளி தாமாகவே வைத்தியரிடம் கூற வேண்டும். அந்த ஒரு தகவல் கிடைத்தால், பரிசோதனை முடிவுக்குக் காத்திராமலே வைத்தியர் சிகிச்சையை ஆரம்பிக்க முடியும். வலி தாங்காமல் டைக்குளோபினக், இபுபுறுபன், அஸ்பிரின் போன்றவற்றைத் தாமாக வாங்கி உட்கொள்வது இரு நோய்களிலும் கேடு விளைவிக்கும்.

போக ஆரம்பத்தில் விதைப்புத் திகதி, நீர் திறத்தல், பசளை விநியோகம் என்பவற்றைத் தீர்மானிக்க விவசாயிகளுடன் கூட்டம் நடத்தப்படுகின்றது. அக்கூட்டத்திலேயே பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் இம்மாத்திரைகளை வழங்கினால் பணிமனையைத் தேடி அலையும் சிரமம் இராது என்பது எமது கருத்து. எனினும் அங்கு வருவோர் காணிச் சொந்தக்காரர்களே. நாட்கூலிக்குக் களைபிடுங்கச் செல்லும் பெண்களுக்கும், வரம்பு கட்டும் தொழிலாளருக்கும் அங்கு இடமில்லை. அவர்களுக்கு மாத்திரை வயல் வரம்பிலேயே கிடைக்க வேண்டும்.